கட்டி என்ற சொல்லும் நீரின் நடமாட்டமும்: மூளை நோயறிதலில் பரவல் படமாக்கலின் வரலாறு

தமிழில் 'கட்டி' என்ற சொல்லுக்கு இடம் விசாலம். மண்ணாங்கட்டி, பனிக்கட்டி, சீனிக்கட்டி என்று திரண்டு இறுகிய எதையும் அந்தச் சொல்லால் அழைத்துவிடலாம். உடம்பில் வருவதற்கும் அதே சொல்தான். முதுகில் வந்து பழுத்து உடைகிற சீழும் கட்டிதான். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்கிற புற்றுநோயும் கட்டிதான். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, இருபது வருடங்களாக அதையே படிப்பித்து வருகிறவன் நான். சொல்லின் இந்த விசாலத்தை ஒரு பெருமையாகவே எண்ணியிருந்தேன், சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனின் வாப்பா பாடசாலை வாசலில் நின்று அழும்வரை.

அந்தப் பிள்ளை சாதாரண தர வகுப்பில் இருந்தான். சிறு வயதிலிருந்தே ஒரு காதிலிருந்து சீழ் வடியும். "காது வடியிறது புள்ளையளுக்கு உள்ளதுதானே சேர், வளரக்குள்ள மாறிடும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிறகு தலையிடி, வாந்தி, நடையில் தள்ளாட்டம். மருந்து ஏற்றி சி.ரி. ஸ்கேன் எடுத்தபோது மூளையில் வட்டமாக ஒரு வளையம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்த செய்தி மூன்றே சொற்கள்: "மூளையில கட்டி இருக்கு." அதன் பிறகு அந்த வீடு மௌத்து வீடு போல ஆகிவிட்டது. "கேன்சர்தானே, இனி என்னத்துக்குப் புள்ளையப் போட்டு அலைக்கழிக்க? இருக்கிற நாளைக்கு ஊட்டோட வச்சிப் பாத்துக்குவம்" என்பது உம்மம்மாவின் முடிவு. மேலதிகப் பரிசோதனைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோவதா, விட்டுவிடுவதா என்று கேட்டுத்தான் வாப்பா என்னிடம் வந்திருந்தார்.

கொண்டுபோனார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தப் படங்களின் வரிசையில் ஒன்றில் மட்டும் வளையத்தின் நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளையாக இருந்ததாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சீழ், காதிலிருந்து உள்ளே போன கிருமியின் வேலை என்று டொக்டர் விளக்கியிருக்கிறார். துளையிட்டுச் சீழை எடுத்தார்கள். வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏற்றினார்கள். அடுத்த வருடம் அவன் பரீட்சை எழுதினான், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த வெள்ளை நிறம் எதை அளந்து அப்படிச் சொன்னது? பௌதிகவியல் எனது பாடமல்ல. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. விஞ்ஞானப் பாட ஆசிரியர்களைக் கேட்டும், கிடைத்ததை வாசித்தும் நான் அறிந்துகொண்டதே இக்கட்டுரை. அந்த ஒரு படத்துக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அல்ல, ஒரு பூவின் மகரந்தத்தில்.

மகரந்தமும் கல்தூளும்

1827ஆம் ஆண்டு, ஸ்கொட்லாந்தில் பிறந்த தாவரவியலாளர் ரொபர்ட் பிரவுன் மகரந்த மணிகளை நீரில் இட்டு நுணுக்குக்காட்டியால் பார்த்துக்கொண்டிருந்தார். மணிகளுக்குள் இருந்து வந்த நுண்துகள்கள் நில்லாமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிருள்ள பொருள் என்பதால் அசைகிறதோ என்று முதலில் நினைத்தார். பல வருடங்களாகக் காய்ந்துபோன தாவரங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் அசைவு இருந்தது. கண்ணாடித் தூளை இட்டார், கல்தூளை இட்டார், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து கிடைத்த ஒரு துண்டைக்கூடப் பொடியாக்கி இட்டார். எல்லாமே அசைந்தன. உயிருக்கும் அந்த அசைவுக்கும் சம்பந்தமில்லை என்பது மட்டும் நிச்சயமாயிற்று.

1855இல் அடொல்ப் பிக் என்ற ஜேர்மானிய உடற்றொழிலியலாளர், ஒரு பொருள் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவதைக் கணிதச் சமன்பாடாக எழுதினார். நமது பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் 'பரவல்' என்று படிப்பது இதைத்தான். 1905இல், சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் காப்புரிமை அலுவலகமொன்றில் வேலைபார்த்த ஐன்ஸ்டைன் இரண்டையும் ஒன்றாக முடிந்தார். நீரின் மூலக்கூறுகள் எப்போதும் எல்லாத் திசையிலும் மோதிக்கொண்டே இருக்கின்றன. பிரவுன் கண்ட துடிப்பு அந்த மோதலின் விளைவு என்றார். இப்படித் திரியும் துகள் இரு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும் என்பதும் அவரது கணக்கு. பிரான்ஸ் நாட்டு ஜோன் பெரின் பரிசோதனைகளால் அதை உறுதிசெய்து 1926இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தக் கணக்கை உடம்புக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் கிடைக்கிறது. நமது உடல் வெப்பநிலையில், தடையில்லாத நீரின் ஒரு மூலக்கூறு ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் ஒரு திசையில் நகரும் தூரம், சராசரியாக, ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சுமார் 17 பங்கு. நமது உடற்கலங்கள் பலவற்றின் பருமனும் இதற்குக் கிட்டிய அளவுதான். அதாவது, அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள் நீர் கலங்களின் சுவர்களில் முட்டிவிடுகிறது. நீர் எவ்வளவு தூரம் போயிற்று என்று அளக்க முடிந்தால், அங்கே சுவர்கள் நெருக்கமாக உள்ளனவா, ஐதாக உள்ளனவா என்று சொல்லிவிடலாம். பெருநாள் இரவில் கடைத்தெருவில் நடக்கிறவன் போகும் தூரத்தைக் கொண்டே கூட்டத்தின் நெரிசலைச் சொல்வது போல.

இரண்டு விசில்கள்

ஆனால் உடம்புக்குள்ளே இருக்கும் நீரை எப்படி அளப்பது? வழி காந்தத்தால் கிடைத்தது. 1946இல் அமெரிக்காவில் பீலிக்ஸ் புளொக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவினார்கள். வலிமையான காந்தத்துக்குள் வைக்கப்பட்ட பொருளின் ஐதரசன் கருக்கள், பொருத்தமான வானொலி அலையை அனுப்பினால் பதிலுக்குத் தாமும் ஒரு சமிக்ஞை தரும். நீரின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு ஐதரசன் உண்டு. ஆகவே நீர் பேசத் தொடங்கிவிட்டது. 1952இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1950இல் எர்வின் ஹான் இந்தச் சமிக்ஞையை எதிரொலி போல மீட்டெடுக்கும் முறையைக் கண்டார். மூலக்கூறுகள் இடம்பெயர்ந்தால் எதிரொலி மங்குகிறது என்பதையும் அவர் அப்போதே கவனித்தார்.

1965இல் எட்வர்ட் ஸ்டெஜ்ஸ்கல், ஜோன் டனர் இருவரும் அந்த மங்கலைக் கச்சிதமாக அளக்க வழிசெய்தார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் படிப்படியாகக் கூடுகிற காந்தப்புலத்தை இரண்டு தடவை, சொற்ப இடைவெளியில், போட்டு எடுப்பதே அவர்களின் முறை. எனக்கு இது புரிந்தது எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையை நினைத்துப் பார்த்தபோதுதான்.

பிள்ளைகள் வரிசை வரிசையாக முன்னோக்கி நிற்கிறார்கள். முதல் விசிலுக்கு ஒவ்வொருவரும் தாம் நிற்கும் வரிசையின் இலக்கத்துக்கு ஏற்றபடி வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் வரிசை கொஞ்சம், பத்தாம் வரிசை அதிகம். சற்றுப் பொறுத்து இரண்டாவது விசில். இப்போது, அந்நேரம் நிற்கும் வரிசையின் இலக்கத்துக்கு ஏற்றபடி அதே கணக்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடம் மாறாதவர்கள் எல்லாரும் மறுபடி முன்னோக்கி நிற்பார்கள். இடையில் வரிசை மாறித் திரிந்தவர்களோ ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்பார்கள். இனி எல்லாரையும் ஒரே நேரத்தில் சலாம் சொல்லச் சொன்னால், மேடையில் நிற்கும் அதிபரின் காதில் விழும் சத்தத்தை வைத்தே எவ்வளவு பேர் திரிந்தார்கள் என்று மதிப்பிட்டுவிடலாம். சத்தம் பலமென்றால் பிள்ளைகள் அசையவில்லை. சத்தம் மங்கலென்றால் நன்றாகத் திரிந்திருக்கிறார்கள்.

பரவல் படத்திலும் அதே கதைதான். நீர் நடமாட முடியாமல் நெருக்கப்பட்ட இடம் வெள்ளையாகவும், தாராளமாகத் திரிந்த இடம் கறுப்பாகவும் தெரியும்.

ஈரலில் தோற்று மூளைக்கு வந்த யோசனை

இவையெல்லாம் அதுவரை பரிசோதனைக் குழாய்க்குள் நடந்த காரியங்கள். 1971இல் றேமண்ட் டமடியன், எலிகளின் புற்றுநோய் இழையத்திலுள்ள நீரின் காந்தச் சமிக்ஞை சாதாரண இழையத்திலிருந்து வேறுபடுவதைக் காட்டினார். 1973இல் போல் லோட்டர்பர் இரண்டு சிறு நீர்க்குழாய்களின் குறுக்குவெட்டை இம்முறையில் முதன்முதலாகப் படமாக்கினார். 1977இல் பீற்றர் மான்ஸ்பீல்ட் மிக வேகமாகப் படமெடுக்கும் வழியொன்றை முன்வைத்தார். லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு வந்தது. தன்னை விட்டுவிட்டார்கள் என்று டமடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டதும் இவ்வரலாற்றின் ஒரு பக்கம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் வந்தபின் நீரின் நடமாட்டத்தையே படமாக்கலாம் என்ற எண்ணம் ஒரு வைத்தியருக்குத் தோன்றியது. 1984இல் பாரிஸில் கதிரியக்கவியல் பயிற்சியில் இருந்த டெனிஸ் லெ பியான் பௌதிகவியலும் கற்றவர். ஈரலில் தெரிகிற ஒரு திரட்சி புற்றுநோயா, தீங்கில்லாத இரத்தக் குழாய்க் கட்டியா என்று எம்.ஆர்.ஐ.யால் பிரித்துச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அவர் முன் வந்தது. கலங்கள் நெருங்கிய புற்றுநோயில் நீர் குறைவாகத்தான் நடமாடும், இரத்தம் ஓடும் கட்டியில் கூடுதலாக நடமாடும் என்று அவர் ஊகித்தார்.

கவனியுங்கள். இந்த முறை வைத்தியத்துக்குள் நுழைந்ததே 'இது எந்தக் கட்டி?' என்ற கேள்வியோடுதான். ஆனால் முதல் முயற்சி பிழைத்துப் போனது. மூச்சு விடும்போது ஈரல் மேலும் கீழும் அசைகிறது. மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கப் போனவருக்கு அந்த அசைவு எல்லாவற்றையும் குழப்பியது. அவர் ஈரலை விட்டுவிட்டு, மண்டையோட்டுக்குள் ஒப்பீட்டளவில் அசையாமல் இருக்கும் மூளைக்கு வந்தார். 1986இல் நரம்பு நோயாளர்களிடம் எடுத்த படங்கள் பற்றிய அவரது கட்டுரை வெளியாயிற்று. நீரின் உண்மையான பரவல் வேகம், வழியிலுள்ள தடைகளோடு சேர்ந்து வெளியே தெரிகிற வேகம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பதால், தாம் அளந்ததற்குத் 'தோற்றப் பரவல் குணகம்' என்ற பொருள்படும் பெயரைக் கொடுத்தார். டொக்டர்மார் ஏ.டி.சி. என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். சொல்லாராய்ச்சி செய்கிற எனக்கு, 'தோற்ற' என்ற அந்த அடைமொழியில் ஒரு நேர்மை தெரிகிறது.

அதன் பிறகு கதை சிறிது காலம் வேறு திசையில் போயிற்று. 1990இல் கலிபோர்னியாவில் மைக்கல் மோஸ்லியும் தோழர்களும், பூனைகளின் மூளையில் இரத்த ஓட்டத்தைத் தடுத்தபோது பாதிக்கப்பட்ட பகுதி பரவல் படத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வெண்மையாவதைக் கண்டார்கள். வழமையான எம்.ஆர்.ஐ. படத்தில் அது தெரிய இன்னும் நேரம் எடுத்தது. பாரிசவாதத்தை உடனே கண்டுபிடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? மான்ஸ்பீல்டின் வேகமான முறையும் கைகொடுக்க, பரவல் படமாக்கல் ஆஸ்பத்திரிகளின் அன்றாட வேலையாக மாறியது.

ஒரே வளையம், இரண்டு நோய்கள்

இயந்திரங்கள் பெருகியபோது பழைய கேள்வியும் திரும்பி வந்தது. அதே 1990இல், பிறவியிலிருந்து உள்ளே வளரும் தோலிழையக் கட்டியையும் வெறும் நீர்ப்பையையும் பரவல் படத்தால் பிரிக்கலாம் என்று காட்டப்பட்டது. வழமையான படங்களில் இரண்டும் நீர் போலவே தெரியும். பரவல் படத்திலோ முன்னையது வெள்ளை, பின்னையது கறுப்பு.

எங்கள் மாணவனின் கதைக்கு உரிய ஆண்டு 1996. அவனது ஸ்கேனில் தெரிந்தது போன்ற வளையம் இரண்டு நோய்களில் வரலாம். வேகமாக வளரும் புற்றுநோயில் நடுப்பகுதிக்கு இரத்தம் போதாமல் கலங்கள் இறந்து கரைகின்றன. விளிம்பு மட்டும் உயிரோடு இருக்கிறது. சீழ்க்கட்டியில் உடம்பு கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டுகிறது, நடுவில் சீழ். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று. ஜப்பானிய வைத்தியர் எபிசுவும் குழுவினரும் அந்த ஆண்டில் இரண்டையும் பரவல் படத்தால் ஒப்பிட்டார்கள். சீழ் என்பது இறந்த வெண்குருதிக் கலங்களும் கிருமிகளும் புரதமும் சேர்ந்த கெட்டியான குழம்பு. அதில் நீர் அசைய முடியாது, படம் வெள்ளை. கரைந்துபோன புற்றுநோயின் நடுப்பகுதி நீர்த்தன்மையானது, படம் கறுப்பு. ஒன்றுக்குச் சீழை எடுத்து மருந்து ஏற்ற வேண்டும்; மற்றதற்குப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் கதிர் சிகிச்சையும். வழி தவறினால் நாட்கள் வீணாகும். மூளைக்குள் சீழ் இருக்கிற ஆளுக்கு நாட்கள் அதிகமில்லை.

இங்கு 'பகுப்பாய்வு' என்ற சொல்லின் தேவையும் வருகிறது. வெள்ளையைக் கண்டவுடன் நம்பிவிடக் கூடாது. நீரின் வேறொரு காந்த இயல்பினாலும் பரவல் படத்தில் வெள்ளை தோன்றும். ஆகவே விசையைக் கூட்டியும் குறைத்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஏ.டி.சி. கணக்கிட்டு இன்னொரு வரைபடம் தயாரிக்கிறார்கள். உடல் வெப்பத்தில் தடையற்ற நீருக்கு அது, செக்கனுக்கு ஒரு சதுர மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சுமார் 3 பங்கு. சுகமான மூளைக்குச் சுமார் 0.7 தொடக்கம் 0.8 பங்கு. முதற்படத்தில் வெள்ளையும் இந்த வரைபடத்தில் கறுப்பும் சேர்ந்து வந்தால்தான் நீர் உண்மையிலேயே நெருக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

புற்றுநோய்களுக்குள்ளேயும் இந்த இலக்கம் பேசுகிறது. கலங்கள் எவ்வளவு நெருக்கமோ ஏ.டி.சி. அவ்வளவு குறையும் என்பதை 1999இல் சுகஹாராவும் குழுவினரும் கிளியோமாக் கட்டிகளில் காட்டினார்கள். கலங்கள் இறுக நெருங்கிய லிம்போமாவில் பெறுமானம் குறைவாகவே இருக்கும். 2006இல் சிறுவர்களின் சிறுமூளைக் கட்டிகள் 32இல் செய்த ஓர் ஆய்வு, பெறுமானம் 1.4ஐ விடக் கூடியவை மெதுவாக வளரும் வகை என்றும், 0.9ஐ விடக் குறைந்தவை வேகமாகப் பரவும் மெடுலோபிளாஸ்டோமா என்றும் பிரித்தது. கத்தி வைக்கும் முன்பே சத்திரசிகிச்சை நிபுணருக்கு இப்படியொரு தகவல் கிடைப்பது சிறிய காரியமல்ல.

நார்களின் வழி

மூளையின் உள்ளே நரம்பு நார்கள் கற்றையாக ஓடுகின்றன. நாரின் நீளத்துக்கு நீர் இலகுவாக ஓடும், குறுக்கே ஓடாது. 1994இல் பீற்றர் பாசர், ஜேம்ஸ் மற்றியெல்லோ, லெ பியான் மூவரும் பல திசைகளில் பரவலை அளந்து, நார் எத்திசையில் கிடக்கிறது என்று கணிக்கும் 'டென்சர்' முறையை வெளியிட்டார்கள். சில வருடங்களில் அந்தத் திசைகளைத் தொடுத்து நார்க்கற்றைகளின் வரைபடமே வரைந்தார்கள். கட்டி அந்தக் கற்றையை ஒதுக்கித் தள்ளியிருக்கிறதா, அரித்து உள்நுழைந்திருக்கிறதா என்று இப்போது முன்கூட்டியே பார்க்கலாம். கை கால்களை இயக்கும் நார்களுக்கு அருகே கட்டியுள்ள 238 நோயாளர்களில் ஷங்காய் வைத்தியர்கள் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வரைபடம் இல்லாமல் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அசைவு பலவீனம் கூடியது. வரைபடத்தோடு செய்யப்பட்டவர்களில் அது பாதிக்கும் குறைவு.

சாட்சியும் தீர்ப்பும்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சொல்லாவிட்டால் அது பிழை. இந்தப் படம் சாட்சி; தீர்ப்பு அல்ல. காதி நீதிமன்றப் படியேறிய எவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். இரத்தம் கசிந்த புற்றுநோய் சிலவேளை சீழ் போல வெண்மையாகத் தெரியும். பூஞ்சணத்தால் வந்த சீழ்க்கட்டியும், மருந்து தொடங்கிவிட்ட சீழ்க்கட்டியும் வெண்மை காட்டாமல் போகலாம். காசநோய் மூளையில் உண்டாக்கும் கட்டி இரண்டு விதமாகவும் தோன்றும். புற்றுநோயின் வகைகளில் ஏ.டி.சி. பெறுமானங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. 2016இலிருந்து உலக சுகாதார நிறுவனம் மூளைக்கட்டிகளை வகைப்படுத்த மரபணு அடையாளங்களையும் சேர்த்துக்கொண்டுள்ளது. அவற்றை அறிய இழையத் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். டொக்டர் 'துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்' என்றால், ஸ்கேன் தோற்றுவிட்டது என்று எண்ணத் தேவையில்லை. இன்னொரு சாட்சியை அழைக்கிறார், அவ்வளவுதான்.

பிரவுன் கல்தூளைப் பார்த்தபோதும் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டபோதும், இது ஒரு பிள்ளையின் மூளைக்குள் சீழைக் காட்டும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களின் வேலைக்கு அன்று என்ன பயன் என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. 'இதப் படிச்சி என்னத்துக்கு சேர்?' என்று வகுப்பில் கேட்கிற பிள்ளைக்கு இப்போது நான் சொல்லும் கதை இதுதான்.

நம்மவர்களிடம் கேட்க இரண்டு விடயங்கள் உண்டு. 'மூளையில கட்டி' என்ற செய்தி வந்தால் அந்தச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கட்டி, எதை வைத்துச் சொல்கிறீர்கள், அடுத்து என்ன பரிசோதனை என்று டொக்டரிடம் கேளுங்கள். சீழ் கட்டியாகலாம்; புற்றுநோயல்லாத கட்டியாகலாம்; புற்றுநோயாகவே இருந்தாலும் எந்த வகை என்பதில்தான் வைத்தியம் இருக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவது நமக்கு விதிக்கப்பட்ட வழி. துஆவும் அதனோடு சேர்ந்ததே.

மற்றது, பிள்ளையின் காதிலிருந்து சீழ் வடிந்தால் 'வளரக்குள்ள மாறிடும்' என்று விட்டுவிடாதீர்கள். காதுக்கும் மூளைக்கும் இடையில் இருப்பது மெல்லிய எலும்பு. வருடத்தின் முதலாம் தவணை தொடங்கியதும், யாருக்காவது காது வடிகிறதா என்று நான் வகுப்பில் கேட்பது வழக்கம். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்றிரண்டு கைகள் மெதுவாக உயரும். அன்று பின்னேரமே அந்த வீடுகளுக்குப் போய்விடுவேன்.